எல்லா உப்பும் நீலம்

எனக்குச் சந்தேக புத்தி. இதைக் குறையாகச் சொன்னவர்கள் நிறையப் பேர், என் கணவர் முதற்கொண்டு. பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். பஸ் கண்டக்டர் "அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவோம்" என்றால், இறங்கிப் போய் டிரைவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்வேன். அறிவியல் பாடம் நடத்துகிறவளுக்கு இந்தப் புத்தி இருந்தால் தப்பில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டியிருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

2004 ஜூனில் அங்கே சேர்ந்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ். பெருமுக்கல் தாண்டும் வரைக்கும் தூக்கம், அதற்குப் பிறகு உப்புக் காற்று வந்து எழுப்பிவிடும். நான் சேர்ந்தபோது டெல்லியில் ஆட்சி மாறிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் தலைமையாசிரியர் நாற்காலி போட்டு ஏறி, சுவரில் பழைய பிரதமரின் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். புதுப் படம் இன்னும் வரவில்லை. "காலியா இருந்தா யாராச்சும் கேப்பாங்க டீச்சர்" என்று அந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டினார். நல்ல மனிதர். ஆனால் மேலிருந்து ஒரு காகிதம் வந்தால் போதும், படிப்பதற்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிடுவார்.

2005 கடைசியில் உப்பு பற்றிய செய்தி வந்தது. அயோடின் குறைந்தால் பிள்ளைகளுக்கு முன்கழுத்து வீங்கும், மந்தம் தட்டும் என்பதால், அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று சில வருஷங்களுக்கு முன்னால் தடை இருந்தது. முந்தைய ஆட்சி அதை நீக்கியது. புது ஆட்சி திரும்பவும் கொண்டுவரப் போகிறது. இவ்வளவுதான் செய்தி. ஆனால் உப்பு விளைகிற ஊரில் அது இவ்வளவோடு நிற்குமா? பஸ் நிறுத்தத்து டீக்கடையில், சொந்தமாக உப்பளம் வைத்திருந்த ஓர் அளத்துக்காரர் சொன்னதை நானே கேட்டேன்.

"கடல் தண்ணில இல்லாத சத்தாப்பா? இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் வேலை. அவன் பாக்கெட்டு போடுவான், நம்ம உப்ப ரோட்டுல கொட்டிட்டுப் போவணும்."

எனக்கும் அதே சந்தேகம்தான். ஒரு ஆட்சி வேண்டாம் என்கிறது, இன்னொரு ஆட்சி வேண்டும் என்கிறது. நடுவில் குழந்தைகளின் கழுத்து மட்டும் மாறிவிட்டதா என்ன? ஆனால் சந்தேகம் வந்தால் சும்மா இருக்க மாட்டேன். திண்டிவனத்தில் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் புத்தகம் வாங்கிப் படித்தேன். கடலில் அயோடின் உண்டு, மீனில் உண்டு, பாத்தியில் காய்கிற உப்பில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. டீக்கடையில் பேசியது தப்பு. அரசியல் எதுவானாலும் விஷயம் சரியானது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

அந்தப் புத்தகத்தை வகுப்பில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஏழாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் இருந்த பெண்ணின் கழுத்தைக் கவனித்தேன். சட்டையின் மேல் பொத்தானை எந்நேரமும் போட்டிருப்பாள். வெயில் காலத்திலும் போட்டிருப்பாள். கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். முன்கழுத்தில் ஒரு வீக்கம், எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கியது. படித்ததையெல்லாம் மறந்துவிடுகிறாள், வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று அவளை நான் திட்டியிருக்கிறேன். அன்று அதை நினைத்து வெட்கப்பட்டேன்.

அவளுடைய அம்மா, டீக்கடையில் பேசிய அந்த அளத்துக்காரரின் உப்பளத்தில் சுமை தூக்குகிறவள். பாத்தியிலிருந்து வாரிய உப்பைக் கூடையில் தலைக்கு ஏற்றி, வரப்பு வழியாக நடந்து, மேட்டில் குவித்திருக்கும் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். அப்பா இல்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றாள். பாதமெல்லாம் உப்பு அரித்து வெடித்திருந்தது.

"பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. இப்பவே பார்த்தா மாத்திரையிலேயே சரியாயிடும்."

"போவணும் டீச்சர். சீசன் ஆரம்பிச்சிடிச்சி. ஒரு நாள் நின்னா அந்த எடத்துல வேற ஆள வச்சிடுவாங்க. டாக்டருங்க இங்க வந்து பாக்க மாட்டாங்களா?"

வருவதற்கு ஒரு வழி கிடைத்தது. 2006 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. புதுக் கொள்கைக்காக ஓர் ஆய்வு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் புழங்கும் உப்பில் ஒரு ஸ்பூன் பொட்டலம் கட்டிக் கொண்டுவர வேண்டும். பொட்டலத்தின் மேல் பெயர், அப்பா பெயர், கதவு எண். அறிவியல் ஆசிரியர் அதில் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். நீலமானால் அயோடின் இருக்கிறது, வெள்ளையாகவே இருந்தால் இல்லை. எந்த ஊரில் வெள்ளை அதிகமோ அந்த ஊருக்கு முதலில் மருத்துவ முகாம், பிள்ளைகளின் கழுத்தைப் பார்க்க டாக்டர்கள் வருவார்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எங்கள் ஊரில் வெள்ளை வராமல் வேறு எங்கே வரும்? அந்தப் பெண்ணைப் பார்க்க டாக்டர் அவள் பெஞ்சுக்கே வருவார். தலைமையாசிரியர் மட்டும் சுற்றறிக்கையை இரண்டு முறை மடித்துப் பிரித்தார்.

"நீலமா வந்தா நல்லாருக்கும் டீச்சர். மேல இருக்கறவங்க அதைத்தான் எதிர்பாக்கறாங்கன்னு காதுல விழுது."

"எதிர்பார்த்து வர்றதுக்கு அது என்ன மாப்பிள்ளை வீட்டு லட்டரா சார்?" என்றேன்.

சோதனை நாளன்று காலையில் பிள்ளைகளிடமிருந்து பொட்டலங்களைத் தலைமையாசிரியரே வாங்கித் தம் அறையில் வைத்திருந்தார். மதியம் என்னிடம் வந்தன. பழைய பீங்கான் தட்டுகளில் வரிசையாகக் கொட்டிச் சொட்டு விட்டேன். முதல் உப்பு நீலம். இரண்டாவது நீலம். பிள்ளைகள் கை தட்டினார்கள். பத்தாவது தட்டுக்கு வந்தபோது எனக்கு வியர்த்தது. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் நீலம்.

மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று பின்பக்கம் போய், வேலிக்கு அந்தப் பக்கம் சிந்திக் கிடந்த பாத்தி உப்பில் ஒரு கல்லை எடுத்து வந்து சொட்டு விட்டேன். வெள்ளையாகவே இருந்தது. மருந்து சரி. அப்படியென்றால் உப்புதான் சரியில்லை. தட்டுகளைத் திரும்பவும் பார்த்தேன். ஒன்றில்கூடக் கல் உப்பு இல்லை, எல்லாம் மாவு போல நைசாக இருந்தது. கல் உப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்த ஊர் இது. பொட்டலங்கள் காலையிலிருந்து யார் அறையில் இருந்தன?

நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். "சார், உப்பை மாத்தினது நீங்கதானே?"

அவர் முகம் சுண்டிப்போனது. "டீச்சர், கையெழுத்துப் போடவே பயப்படுறவன் நான். உப்பை மாத்துற தைரியம் எனக்கு ஏது?"

நான் நம்பவில்லை. அவரும் விடவில்லை; அன்று சாயங்காலமே படிவத்தை எழுதி, என் கையெழுத்துக்குக் காத்திராமல் தம் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டார். பயந்தவர்களுக்கு வேகம் அதிகம்.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்தப் பெண்ணின் தெருவுக்குப் போனேன். அம்மாக்காரி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். "உன் பொண்ணு கொண்டாந்த பொட்டலத்துல நீ என்ன உப்பும்மா வச்ச?" என்றேன். அவள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள்.

"நீங்க கோச்சிக்கக் கூடாது டீச்சர். தெருவுக்கு ஒரு பாக்கெட்டுன்னு கடையில வாங்கனோம். அதையே எல்லாரும் பிரிச்சிக்கினோம்."

எனக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது. அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அந்த அளங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது ஒவ்வொரு பெண்ணும் ஒரு பிடி உப்பை முந்தானையில் முடிந்துகொள்வாள். அந்த நேரத்தில் அளத்துக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். இவர்கள் கேட்பதுமில்லை, அவர் கொடுத்தேன் என்பதுமில்லை. கூலி குறைச்சல் என்று முணுமுணுப்பு வந்தால் மட்டும், "உப்புக்கு நான் கணக்கு பாக்கறனா?" என்பார். யாரும் வாயைத் திறந்து சொல்லாத வரைக்கும் அது வழக்கம். வெளியாள் முன்னால் சொல்லிவிட்டால் திருட்டு.

"பேரு, கதவு நம்பரு எல்லாம் எழுதி, வூட்டு உப்பு கொண்டான்னா நாங்க இன்னா நெனைப்போம் டீச்சர்? சுனாமிக்கப்பறம் எத்தினி பேரு வந்து பேரு எழுதிக்கினு போனாங்க. ஒருத்தரும் திரும்பி வர்ல. இது உப்பு எடுக்கறவங்களப் புடிக்கறதுக்குன்னு பேசிக்கினாங்க."

"நான் கேட்டேன்னு தெரியும்ல? என்கிட்டகூடவா?"

அவள் தயங்கினாள். "நீங்க தெனம் பஸ்ல அளத்துக் கணக்கர் வூட்டம்மாகூட ஒண்ணா ஒக்காந்து வர்றீங்களாம். தெருவுல அதுதான் பேச்சு."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஒரு பிடி உப்புக்கு இவ்வளவு பயமா என்று முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. ஊரையே சந்தேகப்படுகிற என்னை ஒரு தெரு முழுக்கச் சந்தேகப்பட்டிருக்கிறது. அந்த அம்மாளிடம் நான் பேசியதெல்லாம் சீரியல் கதை! தலைமையாசிரியரிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவாயில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டதாகவும் சொன்னார்.

நான் விடவில்லை. அந்த வாரமே, அந்தப் பெண்ணின் அம்மாவைக் கூட வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அடுப்படி உப்பை வாங்கினேன். பெயர் கிடையாது, ஒன்று இரண்டு என்று எண் மட்டும். முதல் நான்கு வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. ஐந்தாவது வீட்டில் அவள் தன் முந்தானையை அவிழ்த்து, அன்றைக்குக் கொண்டுவந்த உப்பை என் கையில் எல்லோரும் பார்க்கக் கொட்டினாள். "நான் குடுத்துட்டேன், நீங்களும் குடுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் கதவுகள் திறந்தன. எல்லா உப்பும் வெள்ளை. ஒன்றுகூட நிறம் மாறவில்லை.

புது அறிக்கையை எழுதி அனுப்பினேன். பத்து நாளில் ஆய்வு அதிகாரி ஜீப்பில் வந்தார். மரியாதையானவர்தான், என்னை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே இரண்டாவது அறிக்கையைப் பார்த்தார்.

"பேர் எங்கங்க?"

"பேர் போட முடியாது சார்." ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் அதுவே காட்டிக்கொடுப்பது.

"பேர் இல்லாம எடுத்தா அது ஆய்வு இல்லைங்க, வதந்தி." கோப்பையை வைத்தார். "டீச்சர், வெளிப்படையா பேசுவோம். அரசாங்கம் ஒரு கொள்கை அறிவிச்சிருக்குது. உப்பு வெளையிற ஊர்லயே ஜனங்க அயோடின் உப்புக்கு மாறிட்டாங்கன்னு உங்க மொத ரிப்போர்ட்ட வச்சி மேல பேசிட்டாங்க. இப்ப போயி அது இல்லைன்னு சொன்னா யார் கேப்பாங்க?"

"உண்மை எதுன்னு கேட்க மாட்டாங்களா சார்? நல்ல கொள்கைதான், நானே பாடம் நடத்துறேன். ஆனா இந்த ஊருக்கு அந்த உப்பு வந்து சேரவேயில்லை. வந்துடுச்சுன்னு எழுதிட்டா அப்புறம் யார் கொண்டுவருவாங்க?"

அவர் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்திருக்கும்போது மட்டும், "ஒரே ஒரு வீடு, பேரோட கையெழுத்தோட குடுங்க. மறுபடியும் எடுக்கணும்னு நான் எழுதிப் பாக்கறேன். நானும் பிள்ளகுட்டிக்காரன்தாங்க" என்றார்.

சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. நம்பலாமோ என்றுகூடத் தோன்றியது. அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் வழியில், டீக்கடையில் நான் பார்த்த அதே அளத்துக்காரரின் ஆபீஸ் வாசலில் அந்த ஜீப் நின்றுகொண்டிருந்தது. எதற்காக நின்றதோ, எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

விஷயத்தை அம்மாக்காரியிடம் சொன்னேன். ஜீப்பையும் சொன்னேன். அவள் யோசிக்கவேயில்லை.

"எம் பேரப் போடுங்க டீச்சர்."

"வேலை போயிடும்மா. நல்லா யோசி."

"போனா போவட்டும். இந்தப் பேப்பரு போனா டாக்டருங்க வருவாங்களா?"

"வரணும்" என்றேன்.

அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்தை நிதானமாகப் போட்டாள், எழுத்துக்கு எழுத்து நின்று. அடுப்படி உப்பைப் பொட்டலம் கட்டி, மேலே பெயரும் கதவு எண்ணும் எழுதி, நான்தான் உறையில் போட்டு ஒட்டினேன்.

அந்த உறையை நான் அனுப்பவில்லை.

மறுநாள் அனுப்பலாம் என்று மேஜை டிராயரில் வைத்தேன். மறுநாள் அந்த ஜீப் நினைவுக்கு வந்தது. இந்தப் பெயர் அதிகாரி கையிலிருந்து அளத்துக்காரர் கைக்குப் போனால்? திருடி என்று சொல்லி நிறுத்தினால் மற்ற அளங்களிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். அவர் நல்லவராக இருந்தால்? நல்லவர் என்றால் ஏன் அந்த வாசலில் ஜீப் நின்றது? இப்படியே ஒரு வாரம் ஓடியது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அடுத்த வாரம் தேர்தல் தேதி அறிவித்தார்கள். ஆய்வு, முகாம் எல்லாம் அப்படியே நின்றன.

மே மாதம் சென்னையிலும் ஆட்சி மாறியது. தலைமையாசிரியர் மறுபடியும் நாற்காலி போட்டு ஏறினார். ஜூனில் பள்ளி திறந்தபோது அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு இரண்டாவது அறிக்கை பற்றி எதுவும் தெரியவில்லை, கோப்பில் அது இல்லவே இல்லை என்றார். முதல் அறிக்கை மட்டும் பத்திரமாக இருந்தது. எங்கள் பள்ளிக்கு ஒரு பாராட்டுத் தாள் வந்தது. முகாம் கடலைவிட்டு உள்ளே தள்ளியிருந்த வேறோர் ஊருக்குப் போனது.

உறை டிராயரிலேயே கிடந்தது. அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காததைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். மறந்திருப்பாள், அவளுக்கு அது அவ்வளவுதான் முக்கியம் போலிருக்கிறது என்று. வழியில் பார்க்கும்போதெல்லாம், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்பேன். "ஆவட்டும் டீச்சர்" என்பாள் சிரித்துக்கொண்டே. பெண்பிள்ளை என்றால் இவர்களுக்கெல்லாம் அலட்சியம் என்று ஆசிரியர் அறையில் பேசினேன். நான் அப்படிப் பேசியதை இப்போது எழுதவே கூசுகிறது.

அக்டோபரில் மழை பிடித்து, அளத்தில் வேலை நின்றது. ஒரு மதியம் அந்தப் பெண் சத்துணவுச் சோற்றை விழுங்க முடியாமல் இருமினாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மேல் பொத்தானைப் போடவே முடியாத அளவுக்கு வீங்கியிருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரையும் நானே பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் கூனிமேடு தாண்டி, பொம்மையார்பாளையம் தாண்டிப் போகும்வரை அந்தப் பெண் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கடல் தெரியும் இடத்திலெல்லாம் அம்மாவுக்குக் கை காட்டிக்கொண்டே வந்தாள்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. கழுத்தைப் பின்னாலிருந்து தடவிப் பார்த்தார், விழுங்கச் சொல்லிப் பார்த்தார். எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாக்காரியை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்ளோ பெருசாகற வரைக்கும் என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க? போன வருஷமே வந்திருந்தா மாத்திரையில அடங்கியிருக்கும். இப்ப ஆபரேஷன்தான் பண்ணணும்."

அவள் தலை குனியவில்லை. எங்கள் பள்ளி வாசலில் கதவுக்கு வெளியே நின்றவள், அந்த அறையில் நிமிர்ந்து நின்று பேசினாள்.

"நாங்க சும்மா இல்லீங்க டாக்டர். எம் பேரப் போட்டு, கையெழுத்து போட்டுப் பேப்பர் குடுத்துட்டேன். டீச்சர்தான் அனுப்பிச்சாங்க. டாக்டருங்க ஊருக்கே வர்றாங்க. ஆபீசுல எல்லாம் மெதுவாத்தான் நடக்கும், சும்மா சும்மா கேட்டு டீச்சருக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு காத்துக்கினு இருந்தோம்."

பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லியா டீச்சர்?" என்றாள்.

மருத்துவரும் என்னைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றேன்.